தொட்டி இல்லாத குழாய்

வீடு சூடானதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ என்று லிசெட் சொன்னது மார்ச் மாதத்தில். ரெமியின் மனைவி ஜனேல் இறந்து, கோயிலில் பூசை முடிந்திருந்தது. பனியில் உறைந்த மண் இளகினால்தான் குழி தோண்ட முடியும் என்பதால் அடக்கத்தை மே மாதத்துக்குத் தள்ளியிருந்தார்கள். ரெமி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. இதற்கும் தலையாட்டினான்.

லிசெட் ஜனேலின் அக்கா. ஆற்றங்கரை ஊரான மடவாஸ்காவில் வீடு. குழந்தை கிடையாது. ஒரு நாள் அவள் ரெமியின் வீட்டை எட்டிப் பார்க்க வந்தபோது அவன் மகள் கோலெட் சமையலறையில் கோட்டும் தொப்பியுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. லிசெட் சண்டை போடவில்லை. ஒரு பையை எடுத்துத் துணிகளை அடுக்கினாள்.

"வீடு சூடாகட்டும் தம்பி. அப்புறம் கூட்டிட்டுப் போ. உன் பிள்ளைதான். யார் இல்லன்னா?"

ஏரிக்கரையில் இருந்த அந்த வீடு ஜனேலின் ஆசை. எட்டு அறைகள், சந்து விட்ட சன்னல்கள், வீட்டைச் சூடாக்க நிலவறையில் எண்ணெயில் ஓடுகிற ஒரு கிழட்டு பாய்லர். இரண்டு சம்பளம் வந்தவரை அதற்கு எண்ணெய் ஊற்ற முடிந்தது. பனிக்கட்டிச் சாலையில் ஒரு மரலாரி குறுக்கே சறுக்கி வந்த அன்றோடு ஒரு சம்பளம் நின்றது. மிச்சம் இருந்தது ரெமியின் சம்பளம். உருளைக்கிழங்குத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் துண்டுகளை வறுத்து, எவ்வளவு கறுக்கிறது என்று பார்த்து எண் போடும் வேலை. ஏப்ரலிலிருந்து அதுவும் பாதி நாள் ஆனது. மீதிப் பாதியில் என்ன செய்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. இந்த நிலையில் அந்த பாய்லரை வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

கோடையில் வீடு தானாகவே வெதுவெதுப்பானபோதும் பிள்ளையைக் கூட்டி வர அவனுக்குத் தெம்பில்லை. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லிசெட் வீட்டு முற்றத்தில் கோலெட் கால் தடுக்கி விழுந்தாள். "மாமா" என்று அழுதுகொண்டு எழுந்து ஓடினாள். அவர்கள் மொழியில் அது அம்மா. ஓடியது லிசெட்டிடம்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து ரெமி வீட்டைச் சூடாக்குகிற ஹீட் பம்ப்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தான். வெளியே ஒரு பெட்டி, உள்ளே சுவரில் மூன்று பெட்டிகள். மின்சாரம் போதும், எண்ணெய் வேண்டாம். மாதச் செலவு பாதிக்கும் கீழே. மாட்டுகிற செலவுதான் மலை. அந்த மலையைக் கரைக்க மாநிலத்தில் மானியம் இருந்தது. வருமானம் குறைந்தவர்களுக்குப் பெரிய மானியம், மற்றவர்களுக்குச் சின்னது.

போன் செய்தான். மானிய அலுவலகத்தில் எடுத்தவள் இளம்பெண் போலிருந்தாள்.

"போன வருஷ வரிக் கணக்குல ரெண்டு சம்பளம் இருக்கே சார். அப்படிப் பார்த்தா உங்களுக்குச் சின்ன மானியம்தான்."

"அதுல ஒருத்தர் இப்ப இல்ல."

"பிரிஞ்சிட்டீங்களா?"

"செத்துட்டா."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"மன்னிச்சுக்கோங்க சார். ஆனா நாங்க பார்க்கறது போன வருஷத்தை. போன வருஷம் அவங்க இருந்தாங்கல்ல?"

"இருந்தா."

"அப்ப… ஒண்ணும் பண்ண முடியாது சார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. குளிர்காலத்துக்கு எரிபொருள் உதவி தர்ற ஆபீஸ் இருக்குல்ல? அங்க எழுதிக் குடுங்க. அவங்க இப்ப வர்ற சம்பளத்தைத்தான் பார்ப்பாங்க. இவருக்கு உதவி தரலாம்னு அவங்க ஒரு கடுதாசி குடுத்துட்டா, நாங்க வேற எதையும் கேக்க மாட்டோம். பெரிய மானியமே கிடைச்சுரும்."

"எனக்கு எண்ணெய் வேண்டாமே."

"எண்ணெய் வாங்காதீங்க சார். கடுதாசியை மட்டும் வாங்குங்க."

எண்ணெயை விட்டொழிக்க எண்ணெய்க்கு மனுப் போட வேண்டும். ரெமிக்கு இதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. ஃபோர்ட் கென்ட்டில் இருந்த அந்த அலுவலகத்துக்குப் போனான். குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். இரண்டு என்றான். கோலெட் அன்றைக்கும் லிசெட் வீட்டில்தான் இருந்தாள்.

வெளியே வரும்போது வாசல் பெஞ்சில் தெரேஸ் மிஷோ உட்கார்ந்திருந்தாள். கோயிலில் மாதாமாதம் நிதி திரட்டப் பீன்ஸ் விருந்து நடத்துகிறவள். தங்கைக்குத் துணையாக வந்திருந்தாள்.

"ரெமி! நீயா? இங்க எங்கப்பா?"

"ஒரு கடுதாசி வாங்கணும் அத்தை."

"எண்ணெய்க்கா?"

இல்லை என்று சொன்னால் விளக்க வேண்டும். விளக்கப் பத்து வாக்கியம் ஆகும். அவனிடம் அன்றைக்குப் பத்து வாக்கியம் இல்லை.

"ஆமா," என்றான்.

தெரேஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. காரை நோக்கி நடந்தான்.

கடிதம் வந்தது. மானியமும் அனுமதியானது. மிச்சத்துக்குக் கூட்டுறவு வங்கியில் கடன் சொல்லி, ஹீட் பம்ப் மாட்டுகிற போல்யூவிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். ஒரே ஒரு ஆளிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் முடியவில்லை.

லிசெட்டின் கணவன் நோர்மான் எண்ணெய் லாரி ஓட்டுகிறவன். பதினாறு குளிர்காலமாக அந்த ஏரியைச் சுற்றி இருக்கிற ஒவ்வொரு வீட்டின் தொட்டியும் அவனுக்கு அத்துப்படி. ரெமி பிள்ளையைப் பார்க்க வருகிற ஞாயிறு ஒன்றில், மதியச் சாப்பாட்டின்போது, ஒரு பக்கம் மட்டும் வெந்த ப்ளோய்த் தோசையை வெண்ணெய் தடவிச் சுருட்டிக் குழம்பில் தோய்த்துக்கொண்டே பேசினான்.

"கேட்டியா சகலை, எங்க கம்பெனிக்கு இன்னும் மூணு வீடு போச்சு. எல்லாரும் அந்தப் பெட்டியை மாட்டிக்கிட்டாங்க. வெளிய அடிக்கற குளிர்காத்துலேந்து சூட்டை எடுக்குதாமே! கல்லைப் பிழிஞ்சு பால் கறக்கறாங்க."

"சாப்பிடறப்ப கத்தாதீங்க. பிள்ளை முழிக்குது பாருங்க," என்றாள் லிசெட்.

"ஜனவரி வரட்டும்டி. பூஜ்யத்துக்குக் கீழ முப்பது போகட்டும். அப்ப யாருக்குப் போன் அடிப்பாங்க? நோர்மான் ராஜா, நோர்மான் தங்கம், கொஞ்சம் வந்துட்டுப் போடான்னு." ரெமியை முழங்கையால் இடித்தான். "என்ன சகலை, சத்தத்தைக் காணோம்? உனக்கும் அந்தப் பெட்டி மேல ஒரு கண்ணா?"

"இல்லண்ணே."

"நல்ல பிள்ளை. உன் தொட்டி காலியாக் கிடக்குன்னு எனக்குத் தெரியும். நூறு கேலன் ஊத்தறேன், பணம் மெதுவாக் குடுன்னா, ரோஷம் வந்துருது உனக்கு."

"வேண்டாம்ணே. நான் பார்த்துக்கறேன்."

லிசெட் கோலெட்டின் வாயைத் துடைத்துவிட்டாள். ரெமியைப் பார்க்கவில்லை.

நவம்பர் முதல் வாரம் வேலை நடந்தது. வெளிப்பெட்டியைப் பனிக்கு மேலே நிற்கும்படி கால் வைத்து, ஏரிப் பக்கத்துச் சுவரோரம் நிறுத்தினார்கள். சாலையிலிருந்து பார்த்தால் தெரியாது. பாய்லரைக் கழற்றிப் பழைய இரும்புக்குக் கொடுத்தாயிற்று. எண்ணெய்த் தொட்டியின் அடி துருப்பிடித்திருந்தது. இருந்தும் ஒரு உருளைக்கிழங்குப் பண்ணைக்காரர் வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஆளோடு வந்தார், நிலவறைக்குள் குழாயை அறுத்தார், தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

போல்யூ கிளம்பும்போது வீட்டின் முன்பக்கச் சுவரைக் காட்டினான். எண்ணெய் ஊற்றுகிற இரும்புக் குழாய் மூடியோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இதைப் பிடுங்கி, ஓட்டையில சிமென்ட் அடைச்சுருங்க. விட்டுறாதீங்க."

"சரி."

"இந்த வாரமே செஞ்சுருங்க."

"சரி."

சரி என்பது அந்த வருஷம் முழுவதும் அவன் எல்லாரிடமும் சொன்ன வார்த்தை. குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது.

மூன்றாம் நாள் அவன் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தான். எட்டு அறையும் சூடாக இருந்தன. மாடியில் துணி அலமாரியைத் திறந்தான். ஜனேலின் வாசனை வந்தது. இத்தனை நாளும் குளிரில் விறைத்துக் கிடந்திருக்கும் போலிருக்கிறது. அவன் அலமாரிக்குள் தலையை விட்டபடி நின்றான். பிறகு லிசெட்டுக்குப் போன் செய்தான்.

"வீடு சூடாயிருச்சு மதினி. சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்."



"எப்படி சூடாச்சு?" என்றாள் லிசெட்.

"வந்து பாருங்க."

"சரி," என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை அவன் போனபோது கோலெட்டின் பை வாசலில் தயாராக இருந்தது. நோர்மான் வேலைக்குப் போயிருந்தான். லிசெட் குழந்தைக்குக் கையுறை மாட்டினாள். ஒரு கையுறையை மூன்று தடவை மாட்டிக் கழற்றினாள். காரில் உட்கார வைத்த பிறகு கண்ணாடி வழியே குழந்தையின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வழியெல்லாம் கோலெட் மாடு, மாடு என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பனி மூடிய வயலில் மாடே இல்லை. "எங்க?" என்று ரெமி கேட்டான். "அங்க," என்றாள். அவன் ஆமாம் என்றான். பல மாதத்துக்குப் பிறகு அவன் நெஞ்சுக்குள் என்னவோ அசைந்தது. பசி போல இருந்தது.

வாசலில் லாரிச் சக்கரத்தின் தடம் இருந்தது. பனி தள்ளுகிற வண்டி என்று நினைத்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தான்.

வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. கூடவே எண்ணெய் நாற்றம். கண் எரிந்தது. கோலெட் இருமினாள்.

அவளைக் காருக்குத் திருப்பித் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு ஓடி வந்தான். நிலவறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டான். படியின் அடிவரை எண்ணெய் பரவியிருந்தது. சாயம் கலந்த எண்ணெயில் தரை முழுவதும் சிவப்பாக மினுங்கியது. அறுத்த குழாயின் வாயிலிருந்து இன்னும் ஒன்றிரண்டு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அட்டைப் பெட்டிகள் ஊறிச் சாய்ந்து கிடந்தன. மேலே புதுப் பெட்டிகள் சத்தமில்லாமல் சூட்டை ஊதிக்கொண்டிருந்தன. அந்தச் சூட்டில் நாற்றம் அறை அறையாக ஏறிக்கொண்டிருந்தது.

அவன் படியில் உட்கார்ந்தான். பூட்ஸ் இரண்டும் எண்ணெய்க்குள் இருந்தன. எழுந்திருக்கத் தோன்றவில்லை. வெளியே கோலெட் கார்க் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்தான்.

தீயணைப்புக்காரர்களுக்குச் சொன்னான். லிசெட்டுக்குச் சொன்னான். லிசெட்தான் முதலில் வந்தாள். குழந்தையைத் தன் காருக்கு மாற்றினாள். வீட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், காரை எடுத்துக்கொண்டு போனாள்.

நடந்தது இதுதான். அந்த ஆற்றங்கரை ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. கஷ்டப்படுகிற வீட்டுக்கு யாரும் பணம் கொண்டுபோய் நீட்ட மாட்டார்கள். எண்ணெய்க் கம்பெனியில் கட்டிவிடுவார்கள். ஆள் இல்லாத நேரத்தில் லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். பெயர் இருக்காது. வாங்கினவன் கேட்கக் கூடாது, கொடுத்தவன் சொல்லக் கூடாது. ஜனேலின் புருஷன் எண்ணெய்க்கு மனுப் போட்டுக்கொண்டு நின்றான் என்று தெரேஸ் மிஷோ போய்ச் சொல்ல, அந்த மாத பீன்ஸ் விருந்தின் வசூல் முழுவதும் இருநூறு கேலன் எண்ணெயாக மாறியது. சீட்டு நோர்மான் கைக்கு வந்தது. சனிக்கிழமை குழந்தை வீட்டுக்குப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியும்; ரெமி ஏதோ சின்ன ஹீட்டரை வைத்து ஒப்பேற்றுகிறான் என்று நினைத்தான். காலையில் முதல் வேலையாக, ரெமி பிள்ளையைக் கூப்பிடப் போயிருந்த நேரத்தில், இதை வைத்துக்கொண்டான்.

எண்ணெய் ஊற்றும்போது தொட்டியிலிருந்து காற்று வெளியேறுகிற விசில் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். லாரிக்காரனுக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் அது. வேறு எவன் வந்திருந்தாலும் நிறுத்தியிருப்பான். ஆனால் அந்த வீட்டு விசில் ஏழெட்டு வருஷமாகவே ஊமை என்பது நோர்மானுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும். மீட்டரைப் பார்த்து இருநூறையும் ஊற்றினான். மூடியைத் திருகிவிட்டு, கொஞ்சம் சீட்டியடித்துக்கொண்டுகூடப் போயிருப்பான்.

மதியத்துக்கு மேல், எண்ணெய்க் கசிவுகளைப் பார்க்கிற மாநில அதிகாரி வந்தாள். ஐம்பது வயதிருக்கும், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். நிலவறையை அளந்தாள், மண்ணைத் தோண்டி முகர்ந்தாள். நோர்மானையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவன் லாரியின் மட்கார்டில் சாய்ந்து நின்றான். வந்ததிலிருந்து ரெமியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"தொட்டியை எடுத்தது கம்பெனிக்குத் தெரியுமா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியும்," என்றான் நோர்மான். "சகலை என்கிட்ட சொன்னான். நான்தான் மறந்துட்டேன்."

ரெமி அவனைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் வருவதற்கு முன்பே தீயணைப்புக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார்: சொல்லியும் ஊற்றினார்கள் என்றால் கம்பெனியின் காப்பீடு தரையைப் பெயர்த்து, மண்ணை மாற்றி, வீட்டைச் சுத்தம் செய்து கொடுக்கும். வசந்தத்துக்குள் முடிந்துவிடும். சொல்லவில்லை என்றால் செலவு வீட்டுக்காரன் தலையில். வீட்டுக் காப்பீடு எண்ணெயைத் தொடாது.

வசந்தத்துக்குள். கோலெட்டுக்கு மூன்று வயது ஆவதற்குள்.

"எப்ப சொன்னீங்க?" என்று அதிகாரி ரெமியிடம் கேட்டாள்.

பதில் சுலபம். ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில். நோர்மான் தலையாட்டுவான். லிசெட்டுக்கு மட்டும் உண்மை தெரியும். அவளும் புருஷனைக் காட்டிக் கொடுக்க மாட்டாள். ரெமி வாயைத் திறந்தான். நோர்மான் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகியிருந்தான். பதினாறு குளிர்காலமாக எண்ணெய்க் குழாயைப் பிடித்த கைகள். 

"சொல்லல," என்றான் ரெமி.

"சகலை, வாயை மூடு."

"நான் சொல்லல மேடம். அவரே கேட்டார். இல்லன்னு பொய் சொன்னேன். குழாயை எடுக்கச் சொன்னாங்க. அதையும் எடுக்கல."

அதிகாரி எழுதிக்கொண்டாள். நிமிர்ந்தபோது அவள் குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

"இதுக்கும் மாநிலத்துல ஒரு நிதி இருக்கு. மனுப் போடுங்க. ஒரு பகுதி கிடைக்கும். போன வருஷ வரிக் கணக்கைச் சேர்த்து வெக்கணும்."

ரெமி சிரித்துவிட்டான். சிரிப்பு நிற்கவில்லை. அதிகாரி பேனாவை மூடிவிட்டு மரியாதையாக ஏரிப் பக்கம் பார்த்தாள்.

அவள் போன பிறகு நோர்மான் அவன் சட்டையைப் பிடித்தான்.

"அறிவு இருக்காடா உனக்கு? நான் கதவைத் திறந்து விடறேன், நீ போய்ச் சாத்தற!"

"உங்க வேலை போயிருக்கும்ணே."

"போனா போகுது. மரம் வெட்டப் போவேன், கிழங்கு மூட்டை தூக்குவேன். உன்னை யாரு என் வேலையைப் பத்திக் கவலைப்படச் சொன்னது?" சட்டையை விட்டான். குரல் இறங்கியது. "லிசெட் வக்கீலைப் பார்த்துட்டு வந்துட்டா. போன வாரம். இந்தக் குளிர்காலமும் பிள்ளை எங்ககிட்ட இருந்துட்டா, கோர்ட்ல கேக்கலாம்னு அந்த ஆள் சொல்லியிருக்கான். புரியுதா? அதுக்குத்தாண்டா காலைல மொத வேலையா ஓடி வந்து உன் வீட்டுல எண்ணெயைக் கொட்டினேன்."

சொல்லிவிட்டு அவன் லாரிப் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

ரெமி மடவாஸ்காவுக்கு ஓட்டினான். என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. கார் முழுவதும் எண்ணெய் நாறியது.

லிசெட் பின்வாசலில் நிறுத்தினாள்.

"இப்படியே உள்ள வராதே. கழட்டு."

அந்தக் குளிரில் அவன் பூட்ஸையும் கால்சட்டையையும் கழற்றி வெளியே போட்டான். அவள் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீர் வாளியும் நோர்மானின் பழைய துணிகளும் கொண்டுவந்து வைத்தாள். அவன் தேய்த்துக் கழுவுகிறவரை கதவுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"நோர்மான் போன்ல எல்லாம் சொல்லிட்டாரு," என்றாள் திரும்பாமலே. "வக்கீலைப் பத்தியும் உளறிட்டாராம்."

"ம்."

"வீடு சூடாகட்டும்னு சொன்னேன். ஆகும்னு நினைச்சுச் சொல்லல." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "இன்னிக்குக் காலைல நீ வந்து நின்னப்போ உன்னை அடிச்சுரலாம் போல இருந்துச்சு."

ரெமி பெல்ட் துளையைத் தேடினான். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. கையால் பிடித்துக்கொண்டான்.

"மதினி, நான் இங்க இருந்துக்கட்டுமா?"

"எத்தனை நாள்?"

"தெரியல."

"வீட்டை என்ன பண்ணப்போற?"

"தெரியல மதினி. பிள்ளை இருக்கற இடத்துல இருக்கேன். அது போதும். கோர்ட்டுக்குப் போறதுன்னா போங்க. ஆனா நான் இங்கதான் இருப்பேன். தினமும் இருப்பேன்."

லிசெட் இப்போதுதான் திரும்பினாள். இடுப்பில் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, பற்கள் கிட்டிக்கொள்ள, தொழுவத்து வாசலில் நிற்கிற மாடு போல நின்றவனைப் பார்த்தாள். அவள் கண்ணிலும் ஈரம் இல்லை.

"அவ ரூம்ல கட்டில் போட இடம் இல்ல. தரைதான்," என்றாள்.

"தரை போதும்."

"அவளை ராத்திரி தூங்க வெக்கறது நான்தான். அதுல வந்து நிக்காதே."

 முதல் தடவையாக அவன் சரி என்று சொல்லவில்லை. லிசெட் அதைக் கவனித்தாள். வழியை விட்டாள்.

கோலெட் சமையலறை மேசைக்கு அடியில் கரண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் தரையில் போய் உட்கார்ந்தான். அவள் நிமிர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். பிறகு ஒரு கரண்டியைக் கொடுத்தாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த நேரத்துக்குத்தான் அவன் கிளம்புவான். அவனுடைய பூட்ஸை முன்வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து கொடுப்பது அவள் வேலை. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அவள் எழுந்து போனாள். முன்வாசலில் இருந்த காலணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது. லிசெட் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். கோலெட் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். முகத்தில் குழப்பம்.

"இல்ல," என்றாள்.

"இல்லம்மா," என்றான் ரெமி.

அவள் இன்னொரு தடவை தேடப் போனாள்.